வாய்தா வாங்கிய கடிதங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் எழுதிக்கொண்ட கடிதங்களும் தந்திகளும் போரின் போக்கை மாற்றினவா, இல்லை அவை வெறும் மரியாதைப் பரிமாற்றம்தானா என்பது கேள்வி.

மரியாதை ஏராளமாக இருக்கிறது. நகரத்தை மீட்டதற்குப் பாராட்டு, படைகளுக்கு வாழ்த்து, "தங்கள் செய்தி கிடைத்தது, நன்றி" என்ற ஒற்றை வரி. சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் மட்டுமே 1,700-க்கும் அதிகமான செய்திகளைப் பரிமாறிக்கொண்டார்கள். ரூஸ்வெல்ட்டுக்கும் ஸ்டாலினுக்கும் இடையே போனவை 300-க்குச் சற்று மேல். வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் முதல் ஐம்பதில் அலுப்புத் தட்டும். அதைத் தாண்டிவிட்டால் சிவில் வழக்கின் கட்டைப் புரட்டுவதுபோல் ஆகிவிடும். ஸ்டாலின் வாதி. மற்ற இருவரும் வாய்தா வாங்குகிறவர்கள். வழக்கு ஒன்றே ஒன்றுதான்: பிரான்ஸில் எப்போது இறங்குவீர்கள்?

என் கணிப்பில், மூவரின் கடிதங்களும் செய்த பெரிய வேலை இந்த வாய்தா வாங்கியதுதான். 1941 ஜூலையில் கேட்டதை 1944 ஜூனில் கொடுத்தார்கள். இடையில் கூட்டணி உடையாமல் இருந்ததற்கு ராணுவத் தளவாடங்கள் ஒரு காரணம் என்றால், இந்தக் காகிதங்கள் இன்னொரு காரணம். ஆனால் கதை ஸ்டாலினிடம் தொடங்கவில்லை.

1939 செப்டம்பர் 11 அன்று ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது சர்ச்சில் பிரதமர் இல்லை, கடற்படை அமைச்சர். நீங்களும் பிரதமரும் எனக்குச் சொல்ல விரும்புவது எதுவானாலும் நேரடியாக எழுதலாம் என்றார் ரூஸ்வெல்ட். ஒரு நாட்டின் அதிபர் இன்னொரு நாட்டின் அமைச்சரோடு தனித் தொடர்பு வைத்துக்கொள்வது வழக்கத்துக்கு மாறானது. சர்ச்சில் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டார், பிறகு விடவே இல்லை. 'கடற்படை நபர்' என்று கையெழுத்திட்டார். 1940 மே மாதம் பிரதமரான பிறகு அது 'முன்னாள் கடற்படை நபர்' ஆயிற்று. பிரதமராகி ஐந்தாம் நாள், மே 15 அன்று, நாற்பது ஐம்பது பழைய நாசகாரிக் கப்பல்களைக் கேட்டு எழுதினார். காங்கிரஸின் ஒப்புதல் வேண்டும், இது அதற்கு ஏற்ற நேரமில்லை என்று பதில் வந்தது. செப்டம்பரில் 50 கப்பல்கள் கிடைத்தன. பதிலுக்கு அட்லாண்டிக்கிலும் கரீபியனிலும் இருந்த பிரிட்டிஷ் இடங்களை அமெரிக்கத் தளங்களுக்காக 99 ஆண்டு குத்தகைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இருவரின் நட்பைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் இந்தக் குத்தகைக் காலத்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

அந்த மே மாதமே இன்னொன்றும் நடந்தது. செய்திகள் லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் வழியாகத்தான் போய்வந்தன. அங்கே சங்கேத எழுத்தராக இருந்த டைலர் கென்ட் என்பவர் தூதரக ஆவணங்களின் நகல்களை வீட்டில் குவித்து வைத்திருந்தார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். அவற்றில் கடற்படை நபரின் தந்திகளும் இருந்தன. அமெரிக்காவில் அது தேர்தல் ஆண்டு, நாடு போரில் சேரவும் இல்லை. அந்தத் தந்திகள் அப்போது வெளியே வந்திருந்தால் ரூஸ்வெல்ட்டின் பாடு திண்டாட்டமாகியிருக்கும். மே 20 அன்று கென்ட்டைக் கைது செய்தார்கள். மூடிய நீதிமன்றத்தில் விசாரித்து ஏழு ஆண்டு தண்டனை கொடுத்தார்கள்.

போரின் போக்கை மாற்றிய கடிதம் ஒன்றைக் காட்டு என்று கேட்டால், 1940 டிசம்பர் 8 தேதியிட்டதைக் காட்டுவேன். தான் எழுதியவற்றிலேயே மிக முக்கியமான கடிதங்களில் ஒன்று என்று சர்ச்சிலே அதைச் சொன்னார். ஏறக்குறைய நாலாயிரம் சொற்கள். அட்லாண்டிக்கில் வாரவாரம் மூழ்கும் கப்பல்களின் கணக்கு, அடுத்த ஆண்டு போர் எங்கெல்லாம் நடக்கும், பிரெஞ்சுக் கடற்படை என்ன ஆகும், ஜப்பான் என்ன செய்யும் என்று விரிவாகப் போகிறது. எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில்தான் பணத்துக்கு வருகிறார். கப்பலுக்கும் சரக்குக்கும் ரொக்கம் கொடுக்க முடியாத நேரம் நெருங்குகிறது என்கிறார். நம் வீட்டுக்கு வரும் உறவினர் எல்லோரையும் நலம் விசாரித்து, காபி குடித்து, வாசலில் செருப்பை மாட்டும்போதுதானே கடன் கேட்பார்? அதே வரிசை.

ரூஸ்வெல்ட் அப்போது டஸ்கலூசா என்ற போர்க்கப்பலில் கரீபியன் கடலில் ஓய்வில் இருந்தார். கடல் விமானம் ஒன்று கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊர் திரும்பி டிசம்பர் 17 அன்று செய்தியாளர்களிடம் தோட்டத்துக் குழாய்க் கதையைச் சொன்னார். பக்கத்து வீடு பற்றி எரியும்போது, என் குழாயின் விலை 15 டாலர், பணத்தை வைத்துவிட்டு எடுத்துக்கொள் என்று யாராவது சொல்வார்களா? தீயை அணைத்த பிறகு குழாயைத் திருப்பித் தந்தால் போதாதா? 1941 மார்ச் 11 அன்று கடன்-குத்தகைச் சட்டம் கையெழுத்தானது. அந்தச் சட்டத்தின் கீழ் போன லாரிகளும் உணவும் பிற்பாடு சோவியத் செஞ்சேனைக்கும் உதவின.

ஸ்டாலின் பக்கம் போவோம். ஜெர்மனி தாக்கப் போகிறது என்பதற்கான அறிகுறியைக் காட்டி 1941 ஏப்ரல் 3 அன்று சர்ச்சில் அவருக்கு ஒரு சிறு செய்தி அனுப்பினார். மாஸ்கோவில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் அதை உடனே கொடுக்கவில்லை. ஏற்கெனவே தான் இதையே எழுதிக் கொடுத்திருக்க, இன்னொரு துண்டுச் செய்தி எதற்கு என்று நினைத்தார். ஏப்ரல் 19 அன்றுதான் அது கைமாறியது. அன்றே கொடுத்திருந்தாலும் ஸ்டாலின் நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னை ஜெர்மனியோடு மோதவிட பிரிட்டன் பார்க்கிறது என்ற சந்தேகம் அவருக்கு உடம்போடு ஊறியது.

ஜூன் 22 அன்று ஜெர்மனி தாக்கியது. ஜூலை 7 அன்று சர்ச்சில் எழுதினார். ஜூலை 18 அன்று ஸ்டாலின் பதில் எழுதியபோதே வழக்கு பதிவாகிவிட்டது: வடக்குப் பிரான்ஸிலும் ஆர்க்டிக்கிலும் போர்முனை திறக்க வேண்டும். செப்டம்பரில் கோரிக்கை எண்களாக மாறியது. முப்பது நாற்பது ஜெர்மன் டிவிஷன்களைக் கிழக்கிலிருந்து இழுக்கும்படி இந்த ஆண்டிலேயே இரண்டாம் போர்முனை, அக்டோபர் தொடக்கத்துக்குள் 30,000 டன் அலுமினியம், மாதம் குறைந்தது 400 விமானம், 500 டாங்கி. பத்து நாள் கழித்து இன்னொரு கேள்வி: 25 முதல் 30 பிரிட்டிஷ் டிவிஷன்களை ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகத்துக்கோ ஈரான் வழியாகவோ அனுப்ப முடியாதா? அவ்வளவு பேரை ஏற்றிப்போகக் கப்பல் எங்கே இருக்கிறது என்று சர்ச்சிலுக்குத் தலை சுற்றியிருக்கும். எனக்கு இந்தக் கடிதம் தந்திரமாகத் தெரியவில்லை. கீவ் கைவிட்டுப் போகும் நேரத்தில், லெனின்கிராடு முற்றுகையில் இருக்கும்போது எழுதப்பட்டது. முழுகுகிறவன் கேட்கும் கேள்வி அது.

கடிதங்களை யார் எழுதினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் தொனி வேறாகக் கேட்கும். சர்ச்சில் பெரும்பாலும் தானே சொல்லச் சொல்ல எழுத வைப்பவர். நீளமும் அலங்காரமும் அவருடையவை. ரூஸ்வெல்ட்டின் 'நான்' என்பது பல நேரங்களில் அவருடைய ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ், படைத் தலைவர்கள் அட்மிரல் லீஹி, ஜெனரல் மார்ஷல் ஆகியோரின் கூட்டுக் குரல். வெள்ளை மாளிகையில் வரைபட அறை என்று ஒன்று இருந்தது. அங்கிருந்து வெளியே போகும் செய்திகளைக் கடற்படையின் சங்கேதத்திலும், உள்ளே வருபவற்றை ராணுவத்தின் சங்கேதத்திலும் வைத்தார்கள். இரண்டு துறைகளில் எதனிடமும் முழுக் கோப்பும் இருக்கக் கூடாது என்பது ரூஸ்வெல்ட்டின் ஏற்பாடு. மாஸ்கோவில் வெளியுறவு அமைச்சர் மோலோடவ் வரைவு போடுவார், ஸ்டாலின் வண்ணப் பென்சிலால் திருத்துவார். ஒவ்வொன்றின் தலையிலும் 'தனிப்பட்டது, இரகசியமானது' என்று இருக்கும். தொனி மட்டும் வக்கீல் நோட்டீஸ்.

1942 மே, ஜூன் மாதங்களில் மோலோடவ் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போய்வந்தார். 1942-இலேயே ஐரோப்பாவில் இரண்டாம் போர்முனை திறக்கும் அவசரப் பணி குறித்து முழுப் புரிந்துணர்வு ஏற்பட்டது என்று ஜூன் 12 அன்று கூட்டறிக்கை வெளியானது. ஆனால் அதற்கு முன்பே மோலோடவ் கையில் சர்ச்சில் ஒரு குறிப்பைக் கொடுத்திருந்தார்: எங்களால் வாக்குறுதி தர முடியாது. ஊருக்கு ஒரு தாள், கைக்கு ஒரு தாள். ஸ்டாலின் முதல் தாளைப் பிடித்துக்கொண்டார், சர்ச்சில் இரண்டாவதை. அந்த ஜூலையில் ஆர்க்டிக் வழியே போன பிகியூ-17 கப்பல் தொடரைச் சிதறிப் போகும்படி லண்டன் உத்தரவிட்டது. 35 சரக்குக் கப்பல்களில் 24 அழிந்தன. கோடைக் காலத்தில் இனிக் கப்பல் தொடர்களை அனுப்ப முடியாது என்றும், அந்த ஆண்டு இரண்டாம் போர்முனை இல்லை என்பது புரியும்படியும் சர்ச்சில் எழுதினார். ஜூலை 23 அன்று ஸ்டாலினிடமிருந்து வந்த பதிலில் ஆறுதல் சொல் ஒன்று கூட இல்லை. 1943-க்குத் தள்ளிப்போடுவதை சோவியத் அரசு ஏற்காது என்றார். இதைக் கடிதத்தில் சமாளிக்க முடியாது என்று சர்ச்சிலே ஆகஸ்டில் மாஸ்கோவுக்குப் பறந்தார்.

இந்த இடத்தில் ஓர் இடைச்செருகல். நம் பக்கமும் இந்தக் கோப்பில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9 அன்று திருகோணமலையை. இடையில் ஏப்ரல் 7 அன்று, உங்கள் பசிபிக் கடற்படை ஏதாவது செய்து ஜப்பானியரைத் திரும்ப வைக்க முடியாதா என்று சர்ச்சில் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். அதே வாரம் டெல்லியில் இந்தியத் தலைவர்களோடு கிரிப்ஸ் நடத்திய பேச்சுவார்த்தை முறிந்துகொண்டிருந்தது. மாஸ்கோவில் தூதராக இருந்த அதே கிரிப்ஸ்தான். இந்தியர்களுக்கு இடைக்கால அரசு கொடுங்கள் என்று மார்ச்சிலேயே யோசனை சொல்லியிருந்த ரூஸ்வெல்ட், கிரிப்ஸை ஊர் திரும்ப விடாமல் இன்னொரு முயற்சி செய்யுங்கள் என்று ஏப்ரல் 11 தேதியிட்ட தந்தியில் கேட்டார். ஹாப்கின்ஸ் அப்போது சர்ச்சிலின் விருந்தினராகச் செக்கர்ஸ் மாளிகையில் இருந்தார். பின்னிரவில் தந்தி வந்தது. சர்ச்சில் கொதித்துப் போனார், பதவியை விட்டே விலகத் தயார் என்றார். ஆனால் ரூஸ்வெல்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த பதிலில் கொதிப்பு இல்லை. உங்களுக்கும் எனக்கும் பெரிய கருத்து வேறுபாடு வந்தால் என் இதயம் உடைந்துவிடும் என்று இருந்தது. ரூஸ்வெல்ட் அதற்கு மேல் அழுத்தவில்லை.

1944 ஏப்ரல் 29 அன்று சர்ச்சில் இந்தியாவைப் பற்றி மறுபடி எழுதினார். வங்காளப் பஞ்சத்தில் குறைந்தது ஏழு லட்சம் பேர் செத்தார்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து கோதுமை கொண்டுவர அமெரிக்கக் கப்பல் தர முடியுமா என்று கேட்டார். உண்மையான எண்ணிக்கை இருபது லட்சத்துக்கும் முப்பது லட்சத்துக்கும் இடையே என்று வரலாற்றாசிரியர்கள் பலர் மதிப்பிடுகிறார்கள். முந்தைய ஆண்டு டெல்லியிலிருந்து தானியக் கப்பல் கேட்டு மன்றாடியபோது கையை விரித்தது அவருடைய போர்க்கால அமைச்சரவைதான். ஜூன் 1 அன்று ரூஸ்வெல்ட்டின் பதில் வந்தது: படைத் தளபதிகள் கப்பலை விட முடியாது என்கிறார்கள். நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கப்பல் கணக்கு இந்தக் கடிதங்களில் எங்கும் வருகிறது. அதில் கடைசி இடம் யாருக்கு என்பதும் தெரிகிறது.

வழக்குக்குத் திரும்புவோம். 1943 பிப்ரவரி 9 அன்று சர்ச்சில் ஸ்டாலினுக்கு எழுதிய செய்தியில் ஆகஸ்ட் மாதம் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முழு மூச்சாகத் தயாராகிறோம், வானிலையோ வேறெதுவோ தடுத்தால் செப்டம்பர் என்று இருந்தது. ஜூன் தொடக்கத்தில் மாஸ்கோவுக்கு வேறு சேதி போனது: 1944 வசந்த காலம். ஜூன் 24 அன்று ஸ்டாலின் எழுதிய கடிதத்தை இந்த மொத்தக் கோப்பிலும் கூர்மையானது என்பேன். திட்டவில்லை. சர்ச்சிலின் பழைய செய்திகளைத் தேதி போட்டு ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மேற்கோள் காட்டினார். அன்று இப்படிச் சொன்னீர்கள், பிறகு இப்படி, நிலைமை அப்போதைவிட இப்போது உங்களுக்குச் சாதகம், இருந்தும் தள்ளிப் போடுகிறீர்கள். இது ஏமாற்றம் மட்டுமில்லை, கூட்டாளிகள் மேல் வைத்த நம்பிக்கையைப் பற்றிய விஷயம், சோவியத் படைகளின் தியாகத்தோடு ஒப்பிட்டால் உங்கள் இழப்பு சொற்பம் என்று முடித்தார். அந்தக் கோடையில் லண்டனிலும் வாஷிங்டனிலும் இருந்த தன் தூதர்கள் மைஸ்கியையும் லிட்வினோவையும் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அதே நாட்களில் மேற்குப் பக்கத்திலேயே ஒரு சின்னத் துரோகம் நடந்தது. ஸ்டாலினை உங்கள் வெளியுறவு அமைச்சகத்தைவிட நானே நன்றாகச் சமாளிப்பேன், அவருக்கு என்னைத்தான் பிடிக்கிறது என்று 1942 மார்ச்சிலேயே சர்ச்சிலிடம் எழுதியவர் ரூஸ்வெல்ட். 1943 மே 5 தேதியிட்டு ஸ்டாலினுக்கு ஒரு கடிதம் எழுதி, மாஸ்கோவில் முன்பு அமெரிக்கத் தூதராக இருந்த ஜோசப் டேவிஸ் கையில் கொடுத்தனுப்பினார். நாம் இருவரும் தனியே சந்திக்கலாம் என்றார். இடம் தேடும் பகுதியில் ஐஸ்லாந்து வேண்டாம் என்கிறார். காரணம், அங்கே சந்தித்தால் சர்ச்சிலைக் கூப்பிடாமல் இருப்பது கஷ்டம். ஜூன் மாதம் விஷயம் சர்ச்சில் காதுக்குப் போய்விட்டது. தனியே சந்திக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அவர்தான் அப்படி நினைத்துக்கொண்டார் என்று ஜூன் 28 அன்று ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்கு எழுதினார். பச்சைப் பொய். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சர்ச்சில் இதைப் பெரிதுபடுத்தவில்லை. படுத்தும் நிலையிலும் இல்லை.

அக்டோபரில் வந்தது உறைக் கதை. குளிர்காலத்துக்கு நான்கு கப்பல் தொடர்கள் அனுப்ப முன்வந்த சர்ச்சில், இது ஒப்பந்தம் இல்லை, எங்கள் உறுதி என்று எழுதியிருந்தார். அனுப்புவது உங்கள் தயவு கிடையாது, கடமை, இப்படிச் சொல்வது மிரட்டல்போல் இருக்கிறது என்று ஸ்டாலின் பதில் அடித்தார். 18 அன்று புதிய சோவியத் தூதர் குசெவ் சந்திக்க வந்தார். பேச்சு முடியும் நேரம் சர்ச்சில் ஸ்டாலினின் கடிதம் இருந்த உறையை எடுத்து, இதைப் பெற்றுக்கொள்ள நான் தயாரில்லை என்று திருப்பி நீட்டினார். உங்களிடம் கொடுக்கும்படிதான் எனக்கு உத்தரவு என்று குசெவ் தயங்கினார். உறையை அவர் கையில் வைத்துவிட்டு சர்ச்சில் நகர்ந்துவிட்டார். வராத கடிதத்துக்குப் பதில் எழுதத் தேவையில்லை. கப்பல்களும் போயின. எழுதாமல் விட்ட பதில்களில் இதைவிட நல்லது எதுவும் இந்தக் கோப்பில் இல்லை.

தெஹ்ரானில் அந்த நவம்பரில் மூவரும் நேரில் உட்கார்ந்து 1944 மே மாதம் என்று தேதி குறித்தார்கள். ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கினார்கள். இவ்வளவு அகன்ற திட்டத்தையும் பிரம்மாண்டத்தையும் திறமையையும் போர் வரலாறு கண்டதில்லை என்று ஸ்டாலின் பாராட்டி எழுதினார். மூன்று ஆண்டு நோட்டீஸ் விட்டவரிடமிருந்து வந்த சான்றிதழ் என்பதால் அதற்குத் தனி மதிப்பு.

தீர்ப்பு வந்த பிறகும் கடிதங்கள் இனிக்கவில்லை. அந்த ஆகஸ்டில் போலந்தின் வார்சாவில் ஜெர்மானியருக்கு எதிராக வெடித்த எழுச்சிக்கு உதவும்படி சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்து எழுதினார்கள். எழுச்சியைத் தூண்டியவர்கள் குற்றவாளிக் கும்பல் என்று ஸ்டாலின் பதில் சொன்னார். இன்னும் கடுமையாக எழுதுவோம் என்று சர்ச்சில் கேட்டபோது, நீண்டகாலப் போர் நோக்கில் அது நல்லதில்லை என்று ரூஸ்வெல்ட் ஒதுங்கினார். நல்லதும் நடந்தது. ஆர்டென் காட்டில் ஜெர்மானியர் நெருக்கியபோது, ஜனவரியில் போலந்தின் விஸ்டுலா ஆற்றுப் பக்கம் உங்கள் தாக்குதலை எதிர்பார்க்கலாமா என்று 1945 ஜனவரி 6 அன்று சர்ச்சில் கேட்டார். மறுநாளே பதில் வந்தது: வானிலை சரியில்லை, ஆனாலும் ஜனவரி இரண்டாம் பாதிக்குள் தொடங்குவோம். 12 அன்றே தொடங்கினார்கள். சொன்ன நாளுக்கு முன்பே கிடைத்தது என்று சொல்ல இந்த வழக்கில் அது ஒன்றுதான் உண்டு.

கடைசிக் கடிதங்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் நடந்த பேச்சைப் பற்றியவை. இத்தாலியில் இருந்த ஜெர்மன் படைகளின் சரணாகதி குறித்து நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைத் தளபதி கார்ல் வோல்ஃப், அங்கே அமெரிக்க உளவுத்துறையின் ஆலன் டல்லஸுடன் தொடர்பு கொண்டார். சோவியத் தரப்பைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜெர்மானியர் உங்களுக்கு மேற்கில் கதவைத் திறந்துவிடப் பேரம் முடிந்துவிட்டது, உங்களுக்கே முழுத் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது என்று ஏப்ரல் 3 அன்று ஸ்டாலின் எழுதினார். உங்களுக்குத் தகவல் கொடுத்தவர்கள் யாராக இருந்தாலும், என்னைப் பற்றிய இந்த இழிவான திரிப்புக்காக அவர்கள் மேல் கசப்பு கொள்ளாமல் இருக்க முடியவில்லை என்று ரூஸ்வெல்ட்டின் பெயரில் பதில் போனது. உங்கள் நேர்மையை நான் சந்தேகித்ததே இல்லை என்று ஸ்டாலின் ஏப்ரல் 7 அன்று ஓரடி பின்வாங்கினார். ஆனால் வாதத்தை விடவில்லை: செக்கோஸ்லோவாக்கியாவில் பெயர் தெரியாத ஒரு ரயில் நிலையத்துக்காக எங்களோடு உயிரைக் கொடுத்துச் சண்டையிடுகிறார்கள், செத்தவனுக்குப் போடும் பற்றுக்கு இருக்கும் பயன்தான் அந்த நிலையத்தால் அவர்களுக்கு, ஆனால் ஒஸ்னாப்ரூக், மன்ஹைம், காசல் போன்ற நகரங்களை உங்களிடம் எதிர்ப்பே இல்லாமல் விட்டுக் கொடுக்கிறார்கள். இது விசித்திரமாக இல்லையா?

ரூஸ்வெல்ட் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸில் ஓய்வில் இருந்தார். ஏப்ரல் 11 அன்று சர்ச்சிலுக்கு எழுதினார்: சோவியத் சிக்கலை முடிந்தவரை சிறிதாக்கிக் காட்டுவோம், இப்படி நாளொரு சிக்கல் வருகிறது, பெரும்பாலும் தானே சரியாகிவிடுகிறது, ஆனாலும் உறுதியாக இருக்க வேண்டும். ஸ்டாலினுக்கு அனுப்பிய குறிப்பில் பெர்ன் விவகாரம் கடந்துபோனது, இப்படிப்பட்ட சிறிய மனவருத்தங்கள் இனி எழக்கூடாது என்று இருந்தது. மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதர் ஹாரிமன் அதை உடனே கொடுக்காமல் நிறுத்தி வைத்தார். 'சிறிய' என்ற சொல்லை எடுத்துவிடலாம், இது சிறியதாக எனக்குத் தோன்றவில்லை என்று தந்தி அடித்தார். எடுக்க வேண்டாம், இதைச் சிறிய நிகழ்ச்சியாகக் கருதவே விரும்புகிறேன் என்று ஏப்ரல் 12 அன்று பதில் போனது. லீஹி வரைந்தது, ரூஸ்வெல்ட் ஒப்புக்கொண்டது. அன்று பிற்பகல் ரூஸ்வெல்ட் இறந்துபோனார். 13-ஆம் தேதி, 'சிறிய' என்ற சொல்லோடு, கடிதம் ஸ்டாலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.